அருள் பிடித்த மணி

வின்சென்ட்டுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய பாட்டு வந்து சேர்ந்தது. ஃபோனில் இருக்கிற எழுத்து என் கண்ணுக்கு எட்டாது என்பதால் வில்லியனூர் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தேன். பதினோரு பக்கம். கூடவே நீ பேசி அனுப்பியிருந்ததையும் நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். "அப்பா, கல்யாணப் பூசைக்கு நம்ம பழைய வானவர் கீதத்தையே திருப்பி எழுதியிருக்கேன். கொயருக்கு நாலு குரலு, கைமணி பன்னெண்டு. பழைய ஆளுங்க எட்டு பேரு இருக்காங்க இல்ல, மிச்சம் நாலுக்குப் புதுசா யாரயாவது தேத்துங்கப்பா. காலனி ஆளுங்க மட்டும் வேணாம். கடசி நேரத்துல வுட்டுட்டுப் போனவங்க, அந்த மூஞ்சிங்கள பாக்கவே வேணாம் எனக்கு." இதுதான் நீ சொன்னது. நீ சாதி பார்த்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக மனசுக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருந்தது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்ததும் நீ "இன்னாப்பா சொல்ற" என்பாய், நான் உடனே பேச்சை மாற்றிச் சமையல்காரர், பந்தல், பத்திரிகை என்று நழுவிவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியாதா? அதோடு, எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று உன் சிநேகிதன் அருளின் தங்கை ஸ்டெல்லா எனக்குக் கண்டிஷன் போட்டிருக்கிறாள். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் விஷயத்தை உடைத்துவிடுகிறேன், சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின அந்தப் பெரிய வியாழக்கிழமை, அருளும் ஸ்டெல்லாவும் மற்ற இரண்டு பேரும் உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை. நான்தான் அவர்களை வர வேண்டாம் என்றேன். நீ சொல்லி அனுப்பியதாக உன் பெயரில் சொன்னேன்.

படித்துவிட்டாயா? இன்னொரு தடவை படி. பிறகு மேலே வா.

அந்தத் தவக்காலம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். சென்னையில் இசை படித்து முடித்துவிட்டு வந்திருந்தாய். எங்கேயோ வெளிநாட்டுக் கோயிலில் ஆளுக்கு ஒரு மணியைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டு வாசிப்பதைப் பார்த்துவிட்டு, நம் கோயிலிலும் செய்யலாம் என்று குதித்தாய். அந்த மாதிரி மணிக்கு நாம் எங்கே போவது? நீயும் அருளும் வில்லியனூரில் பாய் வைத்திருக்கிற பாத்திரக் கடைக்குப் போய், அங்கே தொங்கிய பூசை மணி அத்தனையையும் ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிப் பார்த்தீர்கள். காலையில் போனவர்கள் மத்தியானம் வரை ஆட்டியிருக்கிறீர்கள். பாய் தலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாப்பா, மணி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? ஒண்ணு கூடவா புடிக்கல?" என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து நீங்கள் இரண்டு பேரும் நடித்துக் காட்ட, உன் அம்மா சிரித்துச் சிரித்துப் புரை ஏறி உட்கார்ந்துவிட்டாள். அருள் நம் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதும் அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதையே அப்போது பெரிய தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணியையும் சுருதிக்குக் கொண்டுவந்தது அருள்தான். லேத் பட்டறையில் வேலை செய்தவன், கை சுத்தம். உள்பக்கம் அராவினால் சுருதி இறங்கும், விளிம்பைத் தேய்த்தால் ஏறும் என்று நீ சொன்னாய். அவன் ஒரு தடவை அராவுவான், நீ கீபோர்டில் கட்டையைத் தட்டிப் பார்ப்பாய், இன்னும் கொஞ்சம் என்பாய், அவன் மறுபடி அராவுவான். உள்ளே இருந்த நாக்கு எல்லாப் பக்கமும் ஆடிக் கணகணவென்று அடித்ததை, முன்னும் பின்னும் மட்டும் ஆடுகிற மாதிரி மாற்றினான். பழைய பெல்ட்டை அறுத்துக் கைப்பிடி தைத்தான். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் வெட்டினான். தனக்கு ஐந்தை எடுத்துக்கொண்டான், அதாவது ஸ ரி க ம ப-வில் வரும் ப. ஸ்டெல்லாவுக்கு எட்டு. ஊரிலிருந்து எட்டுப் பேர், காலனியிலிருந்து நாலு பேர் என்று நீ ஆள் சேர்த்தாய். நாற்பது நாள் பள்ளிக்கூட அறையில் பயிற்சி. "மணிய அடிக்கிறது பாதி வேலதான், நெஞ்சுல வெச்சி நிறுத்தறதுதான் மீதி" என்று நீ கத்திக்கொண்டே இருப்பாய். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்பேன்.

கேட்டபோது எனக்குள் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ எடுத்துக்கொண்டது என் மெட்டு. முப்பது வருஷமாக நம் கோயிலில் பூசைத் தொடக்கத்தில் பாடிய வானவர் கீதம், நான் ஆர்மோனியத்தில் போட்டது. அதை நாலு குரலாகப் பிரித்து, நடுவில் கொயர் வாயை மூடி முனக, பன்னிரண்டு மணியும் தனியாக அந்த மெட்டை எடுத்துப் போகிற மாதிரி எழுதினாய். கேட்டவர்கள் எல்லாம் "மாஸ்டர், உங்க பாட்டா இது!" என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலாக இருந்தது. நான் முப்பது வருஷம் வாசித்தபோது ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை, பையன் வந்து மணி கட்டியதும் பாட்டு உசந்துவிட்டதா என்று வயிற்றெரிச்சல். பெற்ற பிள்ளை மேல் ஒரு தகப்பனுக்குப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். வந்தது. அந்த வியாழக்கிழமை நான் செய்ததற்குப் பயம் மட்டும் காரணம் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பெரிய வியாழக்கிழமைப் பூசையை நீ தேடித்தான் பிடித்தாய். அன்றைக்கு வானவர் கீதத்தில் கோயிலில் உள்ள அத்தனை மணியும் அடிக்கும். பாட்டு முடிந்தால் ஈஸ்டர் வரைக்கும் ஒரு மணியும் வாயைத் திறக்கக் கூடாது, மரக்கட்டையைத் தட்டுவதோடு சரி. "ஊமையாப் போறதுக்கு முன்ன மணிங்க ஒரு வாட்டி வாயாரப் பாடிட்டுப் போவட்டும்பா" என்றாய். அன்று மத்தியானம் நீ கோயிலில் மணி வைக்கிற மேசையைப் போட்டாய். கொயர் நிற்கும் இடத்தில் பன்னிரண்டு பேருக்கு இடம் போதவில்லை. பீடத்தைச் சுற்றியிருக்கும் மரக் கிராதிக்கு உள்ளே, இடப்பக்கம் போட்டாய். சாமியாரும் சரி என்றார். உனக்கு அது மேசை. உன் பெரியப்பாவுக்கு அது மேசை இல்லை.

ஒரு மணி வாக்கில் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "ஸ்கூல்ல வெச்சிப் பாட்டு கத்துக்குடு, டீ வாங்கிக் குடு, இன்னா வேணா பண்ணிக்கோ, எவன் கேட்டான்? கிராதிக்கு உள்ள, பீடத்துக்குப் பக்கத்துல நிக்க வெக்கறது வேற. இன்னிக்கி மணியக் குடுப்ப, நாளைக்கி தேர் வடத்துல கை வெப்பான். ஊர் ஒத்துக்காது. பூசை நடுவுல எவனாவது எழுந்து கத்துனா உம் புள்ளைக்குத்தான் அசிங்கம், சொல்லிட்டேன்" என்றார். நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியாரிடம் போயிருக்கலாம். உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன்னிடம் சொன்னால் நீ மேசையோடு வெளியே போய் நடுத்தெருவில் பூசைப் பாட்டு வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஊர் என்னைக் கொயர் மாஸ்டர் என்று கூப்பிடுவது நின்றுபோகும் என்றும் தெரியும். நாலு மணிதானே, பாட்டு சத்தத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாட்டுக்காரன் சொல்கிற பேச்சா அது!

மூன்று மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். காலனிக்குள் போகவில்லை. ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கிற தண்ணீர் டேங்குக்குக் கீழே நின்றுகொண்டு அருளுக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன். குளித்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தான். ஸ்டெல்லாவும் பின்னாலேயே வந்தாள். நான் வாய் கூசாமல் சொன்னேன். "அருளு, வின்சென்ட் சொல்லச் சொன்னான்பா. பீடத்தாண்ட எடம் பத்தலையாம். எட்டு பேரு போதும்னான். நீங்க நாலு பேரும் ஈஸ்டருக்கு வந்தா போதுமாம்." "அவனே சொன்னானா மாஸ்டர்?" என்றான். "ஆமாம்பா, அவனுக்கு உன்கிட்ட சொல்ல சங்கடமா இருக்குதாம்" என்றேன். "எட்டு பேருன்னா யாரு யாருன்னு சொன்னானா?" என்று கேட்டான். நான் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினேன். அவனுக்குப் பதில் தேவைப்படவில்லை. "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

உன்னிடம் சொன்னது இன்னும் மோசம். பூசைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மேசை மேல் நாலு மணி ஆளில்லாமல் கிடந்ததைப் பார்த்து நீ வாசலுக்கும் பீடத்துக்கும் அலைந்துகொண்டிருந்தாய். நான் பக்கத்தில் வந்து, "அவங்க வரமாட்டாங்களாம்டா. உங்க கோயில்ல மணி ஆட்டற வேலைக்குத்தான் நாங்க கெடச்சோமான்னு அருளு கேக்கறான்" என்றேன். அந்த வார்த்தை நானாகக் கட்டியது இல்லை, அதுதான் கொடுமை. பயிற்சியின் முதல் நாள் அவனே சொன்னது. "பாருடா, கடசில எங்களுக்கு மணி ஆட்டற வேலதான் குடுத்த" என்று உன் முதுகில் தட்டிச் சிரித்தான், நீயும் சிரித்தாய், பெஞ்சில் இருந்த நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டு வார்த்தையை மட்டும் உன்னிடம் கொடுத்தேன். அதனால்தான் நீ நம்பினாய். "அப்படியா சொன்னான்" என்று மட்டும் கேட்டாய். ஒரு தடவை அவனுக்குப் போன் அடித்தாய், அவன் எடுக்கவில்லை. ரோஷக்காரன், எப்படி எடுப்பான்? நீயும் அதற்கு மேல் கூப்பிடவில்லை.

மற்றவர்கள் கையில் இரண்டு இரண்டு மணியாகக் கொடுத்துப் பார்த்தாய். நாற்பது நாள் ஆளுக்கு ஒரு மணி என்று பழகியவர்கள், முடியாது என்று பின்வாங்கிவிட்டார்கள். பூசை தொடங்கிவிட்டது. வானவர் கீதம் வந்தது. கோபுர மணி, பீடத்து மணி எல்லாம் ஓய்ந்து, கொயர் வாயை மூடி முனக ஆரம்பித்தபோது உன் மணிகள் தனியாக எடுத்தன. ஒன்று, மூன்று, நாலு, பிறகு ஒன்றுமில்லை. ஐந்து வர வேண்டிய இடத்தில் நீ கையைக் காட்டினாய், எதுவும் கேட்கவில்லை. மறுபடி இரண்டு மணி, மறுபடி ஓட்டை. பல் விழுந்த வாய் பேசுகிற மாதிரி என் மெட்டு எனக்கே அடையாளம் தெரியாமல் போனது. நீ ஆள் இல்லாத இடத்துக்கும் விடாமல் கையைக் காட்டிக்கொண்டே இருந்தாய். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு ஆள் என்னிடம், "புது ஸ்டைலா மாஸ்டர்? கேப் வுட்டு கேப் வுட்டு நல்லாத்தான் இருந்துது" என்றான்.

இன்னொன்றை விட்டுவிட்டேன், பூசை நடுவில் பிரசங்கம் முடிந்ததும் நடந்த பாதம் கழுவும் சடங்கு. ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் பீடத்துக்கு முன் வரிசையாக உட்கார்ந்தோம், அதில் நானும் ஒருத்தன். மற்றவர்கள் எல்லாம் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள், வழக்கம் அதுதானே. எனக்கு நேரம் இருக்கவில்லை. டேங்கில் தண்ணீர் கசிந்து கீழே எப்போதும் சேறாக இருக்கும், அது என் வலது காலில் காய்ந்து ஒட்டியிருந்தது. சாமியார் குனிந்து தண்ணீர் ஊற்றினார். சேறு கரைந்து தாம்பாளத்தில் இறங்கியது. அவர் இன்னொரு செம்பு ஊற்றித் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தேன்.

ஈஸ்டருக்கு மறுநாளே நீ சென்னைக்குப் போய்விட்டாய். மணிகளைப் பழைய வேட்டியில் சுற்றிச் பூசை உடுப்பு வைக்கிற சக்ரீஸ்து அறை அலமாரியில் வைத்துவிட்டேன். உன் அம்மாவிடம் அந்த வாரமே சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா புருஷனப் பத்திப் புள்ளகிட்ட கோள் சொன்ன மாதிரி ஆவும்" என்றாள். இன்று வரை மாதத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. நான் அடுத்த பண்டிகைக்குச் சொல்லலாம், அவன் லீவில் வந்தால் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இதுவரை சொன்னதற்கெல்லாம் மன்னிப்பு என்று ஒன்று இருக்கலாம் என்றே வைத்துக்கொள். இனிமேல் சொல்லப் போவதற்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அருளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கே ஊரில் பேச்சு வந்தது, எனக்கும் தெரியும். மறுநாள் காலையில் நீ என்னிடம் பேசும்போது, "அருளு நேத்து ரெண்டு வாட்டி கூப்ட்டான்பா. நான் எடுக்கல. இத்தினி வருஷம் கழிச்சி இன்னா வேலையாம்?" என்றாய். உன் குரலில் கோபம் பாதிதான் இருந்தது. எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது. ஃபோன் என் காதில் இருந்தது, உண்மை என் வாயில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். "அவன் ஆஸ்பத்திரியில இருக்கான், பேசுடா" என்று சொன்னால் போதும். நீங்கள் இரண்டு பேரும் பேசினால் என் பொய் வெளியே வந்துவிடுமே என்று நினைத்தேன். "சும்மாத்தான் கூப்ட்டிருப்பான், உன் வேலையப் பாரு" என்றேன். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். அடக்கம் எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து உன்னிடம் சொன்னேன். நீ "அடக்கத்துக்கு ஜனம் வந்துதாப்பா?" என்று கேட்டாய். வந்தது என்றேன். நான் எங்கே பார்த்தேன்? உன் அம்மாதான் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தாள். நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் பேச்சைக் கேட்ட பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். இந்த வயசில் காலனித் தெருவுக்குள் முதல் தடவையாகக் கால் வைக்கிறேன், எந்த வீடு என்று கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருந்தது. அவள் அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறாள். பிளாஸ்டிக் சேர் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "எங்கண்ணன் ஆஸ்பத்திரில இருந்தது உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?" என்றாள்.

"தெரியும்மா."

"வின்சென்ட் அண்ணன் ஃபோன எடுக்கலன்றது?"

"அதுவும் தெரியும்."

"அப்பக்கூட சொல்லல நீங்க." கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "எழுந்து போங்க மாஸ்டர். எங்கம்மா வர நேரம். அவங்க காதுல இது வுழ வேணாம்."

எழுந்து வந்துவிட்டேன். அவள் கத்தியிருந்தால், நாலு பேரைக் கூப்பிட்டு என்னை அடிக்க வைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புதன்கிழமை சாயங்காலம் மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்று உன் அம்மா கெஞ்சினாள், வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசினாள். "அன்னிக்கி நாங்க வூட்டுக்குப் போவல மாஸ்டர். நீங்க பேசிட்டுப் போன டேங்குக்குக் கீழயே நாலு பேரும் நின்னுக்கினு இருந்தோம். கோயில் ஸ்பீக்கரு அங்க நல்லாக் கேக்கும். மணி ஆரம்பிச்சதும் எங்கண்ணன் கை தானா மேல வந்துச்சி. அஞ்சு வர எடத்துல எல்லாம் வெறுங்கைய ஆட்டினான். ஆட்டி ஆட்டி நெஞ்சுல வெச்சி நிறுத்தினான், வின்சென்ட் அண்ணன் சொல்லிக் குடுத்தாப்புல. கடசி வரைக்கும் ஒரு எடம் வுடல."

அப்புறம் சொன்னாள். உன் கல்யாணத்துக்கு மூன்று பேரும் மணி பிடிக்க வருவார்கள். எனக்காக இல்லை, உனக்காக. மேசை கிராதிக்கு உள்ளே, அன்று போட்ட அதே இடத்தில் இருக்க வேண்டும். ஐந்தாம் மணி மேசை மேல் இருக்க வேண்டும், ஆனால் அதை யாரும் தொடக் கூடாது. "அந்த எடம் காலியாவே இருக்கட்டும். கேக்கறவங்களுக்குத் தெரியட்டும்" என்றாள். இதற்கெல்லாம் முன்னால் உனக்கு நான் கைப்பட எழுத வேண்டும். "ஃபோன்ல சொன்னா பூசி மெழுவிடுவீங்க. எழுதுங்க. எங்கண்ணன் சொல்லாதத சொன்னான்னு சொன்னீங்க இல்ல, இப்ப நீங்க சொன்னத எழுதுங்க." எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அன்று ராத்திரியே உன் பெரியப்பாவுக்குச் சேதி போய்விட்டது. காலையில் வந்து, மேசை உள்ளே போனால் கல்யாணத்துக்கு வரமாட்டேன், ஊரும் வராது என்றார். "வராத அண்ணே" என்றேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய இரண்டு சொல்.

நீ இப்போது ஒருத்தியைக் கைப்பிடிக்கப் போகிறாய். தகப்பன் புத்தி சொல்ல வேண்டிய நேரம், எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன், திருடனால்தான் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று சொல்ல முடியும். அவள் இப்படிச் சொன்னாள் என்று உன்னிடமும், நீ அப்படிச் சொன்னாய் என்று அவளிடமும் யாராவது வந்து சொல்வார்கள். பெரும்பாலும் சொந்தக்காரனாகத்தான் இருப்பான். உங்கள் நல்லதுக்குச் சொல்கிற மாதிரியே சொல்வான். எவன் சொன்னாலும், உன்னைப் பெற்ற அப்பனே வந்து சொன்னாலும், நேரில் போய் ஒரு தடவை கேட்டுவிடு. ஃபோன் எடுக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போ. அன்று கோயிலிலிருந்து அந்த டேங்கு வரைக்கும் நீ நடந்திருந்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. உன்னைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நீ நடக்காதபடி பார்த்துக்கொண்டது நான்.

இனி பாட்டு விஷயம். நீ எழுதியிருக்கிறதைப் பென்சிலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். மணி தனியாக வருகிற பகுதியில் ஐந்து என்ற எண் ஒன்பது இடத்தில் வருகிறது. ஒன்பதையும் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். நீ கெட்டிக்காரன், மனசு வைத்தால் அந்த ஒன்பதையும் வேறு மணிக்குத் தள்ளி, ஓட்டையே தெரியாத மாதிரி திருத்தி எழுத உனக்கு ஒரு மணி நேரம் போதும். கல்யாண நாள், நாலு பேர் வருவார்கள், பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும். எழுதாதே. ஒன்றைக்கூட மாற்றாதே. அன்று செய்த மாதிரியே ஐந்து வருகிற இடத்தில் ஆளில்லாத பக்கம் கையைக் காட்டு.

அருளின் அம்மாவைப் போய்ப் பார். கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்து பார், பத்திரிகையை நீயே கொண்டுபோய்க் கொடு. ஸ்டெல்லா அவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அவன் போட்ட இரண்டு போனும் எதற்காக என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. உன் அம்மா கோயிலுக்குள் உன் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள், அதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. இன்னொரு பக்கம் நான் வரலாமா கூடாதா என்பதை நீ சொல். சென்னையிலிருந்து ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், காரணம் கேட்க மாட்டேன், அழ மாட்டேன், உன் அம்மாவை விட்டுச் சிபாரிசு பண்ண மாட்டேன். வர வேண்டாம் என்று நீ சொன்னால் அன்றைக்கு நான் டேங்குக்குக் கீழே போய் நின்றுகொள்கிறேன். ஸ்பீக்கர் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். ஒன்பது இடத்தையும் அங்கேயிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா